செத்தல் மிளகாயும் சில்லுச் சப்பாத்தும்

போன சனிக்கிழமை பின்னேரம் என் வீட்டு ஸ்மோக் அலாரம் போட்ட கூச்சலில் எங்கள் தெருவே வெளியில் வந்துவிட்டது. மெல்பேர்ணில், மல்கிரேவ் பக்கம், எங்களுடையது மிகவும் அமைதியான தெரு. நாய்கூட அனுமதி கேட்டுத்தான் குரைக்கும். பக்கத்து வீட்டுப் பெடியன் தலையில் ஷாம்பூ நுரையோடு ஓடி வந்து, "ஆன்ட்டி, ஆர் யூ ஓகே?" என்று கதவைத் தட்டினான். நானோ கதிரையில் ஏறி நின்று பேப்பரால் அந்த வெள்ளைப் பெட்டிக்கு விசிறிக்கொண்டிருந்தேன். இந்த வயதில் கதிரையில் ஏறினேன் என்பதை என் மகனிடம் சொல்லிவிடாதீர்கள். "குக்கிங், குக்கிங்" என்று பெடியனைச் சமாளித்து அனுப்பினேன். தாச்சியில் கறியும் இல்லை, எண்ணெயும் இல்லை. ஒரு பிடி உப்பும் கருகிப்போன செத்தல் மிளகாயும்தான் கிடந்தன.

காய்ந்த மிளகாயைத்தான் நாங்கள் செத்தல் மிளகாய் என்போம். அதைக் கருக்கினது அபிக்காக. அபி என் அண்ணாவின் மகள். டார்னெய்ட்டில் இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நேர்ஸ், இரண்டு பிள்ளைகளின் தாய். நாற்பதை எட்டிப் பார்க்கிற நேரத்தில் மற்றவர்கள் யோகாவுக்குப் போவார்கள். இவள் சில்லு வைத்த சப்பாத்து, அதுதான் ரோலர் ஸ்கேட், வாங்கி, ரோலர் டெர்பி என்ற முட்டி மோதுகிற ஆட்டத்தில் சேர்ந்துவிட்டாள். அன்று அவளுடைய முதல் போட்டி. என்னையும் கூட்டிப் போனாள். ஹெல்மெட், முழங்கால் கவசம், வாய்க்குள் ஏதோ ஒரு ரப்பர். பச்சை குத்தின பெரிய பெரிய பொம்பிளையளுக்கு நடுவே எங்கள் அபி குனிந்து, நெளிந்து, பிய்த்துக்கொண்டு ஓடினாள். முடிந்ததும் வியர்க்க விறுவிறுக்க வந்து, "மாமி, எப்பிடி இருந்தது?" என்று கேட்டாள்.

"பரவாயில்லை" என்றேன்.

அவளுடைய முகம் விழுந்துவிட்டது. "ஜஸ்ட் பரவாயில்லை?" என்றாள். கையில் இருந்த போனில் புகழ்மாரி பொழிந்துகொண்டிருந்தது. புருசன், கூட்டாளிகள், கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் அமேசிங், சூப்பர்ஸ்டார் என்று இதயம் இதயமாக அனுப்பியிருந்தார்கள். இத்தனை பேர் வாய் வைத்தால் பிள்ளைக்கு என்ன ஆகும்! வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டவளிடம் காரை விட்டு அசையாதே என்று சொல்லிவிட்டு, உள்ளே ஓடிப்போய் உப்பும் மிளகாயும் அள்ளிவந்து, கார் கண்ணாடி வழியாகக் கையை நீட்டி அவளின் தலையைச் சுற்றினேன். "மாமி! நெய்பர்ஸ் பாக்கினம்!" என்று கத்தினாள். பார்க்கட்டும்.

மோ என்று ஒருத்தி இருந்ததே அபிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், அவள் கேட்ட கேள்விக்கு என் வாயிலிருந்து வந்த பதில் எவ்வளவு பெரிய பதில் என்று அவளுக்கு விளங்கியிருக்கும்.

கருகின மிளகாயின் நெடி இருக்கிறதே, அது நேரே என்னை ஃபுட்ஸ்கிரேயில் நாங்கள் இருந்த பழைய பலகை வீட்டுக் குசினிக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். எழுபதுகளின் நடுப்பகுதி. அந்தக் குசினியில் விறகடுப்பு இருந்தது. மிளகாயைப் போட்டால் பாதி நெடி புகைபோக்கியால் போகும், மீதி எங்கள் தொண்டைக்குள் போகும். அலாரமாவது மண்ணாங்கட்டியாவது! அப்பா காலமான பிறகு அண்ணாதான் அம்மாவையும் என்னையும் யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட்டவர். கூப்பிட்ட கையோடு, எங்கோ மலைப்பக்கம் அணைக்கட்டு வேலை என்று போய்விட்டார். மாதத்தில் ஒருதரம் ஊத்தை உடுப்பு மூட்டையோடு வருவார். மெல்பேர்ணில் அப்போது இருந்த தமிழ்ச் சனத்தை ஒரு கலியாண வீட்டுப் படத்துக்குள் அடக்கிவிடலாம். அதில் பாதிப்பேர் ஒருவரோடொருவர் கோபம். ஆகவே அம்மாவுக்குப் பேச்சுத்துணை நான் ஒருத்திதான்.

அம்மாவின் பொழுதுபோக்குக்கென்று அண்ணா ஒரு பழைய கறுப்பு வெள்ளை டெலிவிசன் வாங்கிக் கொடுத்திருந்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நாடகம் போனால், "உவை ஏன் இப்ப அழுகினம்?" என்று நிமிடத்துக்கு ஒருதரம் என்னைக் கேட்பார். ஞாயிறு மத்தியானம் போகிற சில்லோட்டம் ஒன்றுதான் அவருக்கு முழுதாக விளங்கியது. கிண்ணம் போல ஓரம் உயர்ந்த ஒரு பலகைப் பாதை. அதில் இரண்டு கட்சிகள் சில்லுச் சப்பாத்தோடு சுற்றிச் சுற்றி ஓடும். கட்சிக்கு ஒரு ஓட்டக்காரி கூட்டத்தைப் பிளந்து முன்னே போகவேண்டும். எதிர்க்கட்சியில் எத்தனை பேரைத் தாண்டுகிறாளோ அத்தனை புள்ளி. மற்றவர்கள் தோளாலும் இடுப்பாலும் இடித்து மறிப்பார்கள். ஒரு நல்ல கட்சி, ஒரு கெட்ட கட்சி. அதற்கு ஆங்கிலம் எதற்கு?

நல்ல கட்சி மெல்பேர்ண், நீலச் சட்டை, எங்கள் டெலிவிசனில் அது சாம்பல் நிறம்தான். கெட்ட கட்சி சிட்னி, கறுப்புச் சட்டை. அந்தக் கறுப்புச் சட்டைக்காரிகளின் தலைவி மேட் மோ, அதாவது விசர் பிடித்த மோ, என்று ஒருத்தி. நல்ல பிள்ளைகளின் தலைமயிரைப் பிடித்து இழுப்பாள், காலைத் தட்டிவிடுவாள், நடுவரின் தொப்பியைப் பறித்து எறிவாள். அம்மா கதிரையின் நுனிக்கு வந்துவிடுவார். "பார், பார், மூதேவி! அந்தப் பச்சைப் பிள்ளையை என்ன செய்யிறாள் எண்டு பார்! பாடையில போவாளே!" மோ தோற்றுப்போய்ப் பலகையில் உருளும்போதுதான் அம்மாவுக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கும்.

ஒரு திங்கட்கிழமை காலை அம்மா பின்வளவிலிருந்து, "பிள்ளை, கெதியா ஓடி வா!" என்று கத்தினார். பாம்போ என்று பயந்து ஓடினேன். அம்மா வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு உடுப்புக் கொடியைக் காட்டிக்கொண்டு நின்றார். அதில் அந்தக் கறுப்புச் சட்டை தொங்கியது, நாங்கள் ஞாயிறுதோறும் பார்க்கிற அதே இலக்கத்தோடு.

பக்கத்து வீட்டில் மொரீன் என்று ஒரு பெண் தனியே இருந்தாள். முப்பது வயது தாண்டியிருக்கும், உயரமானவள், பொன்னிறத் தலைமயிரை எப்போதும் ஒரு ஸ்கார்ஃபுக்குள் கட்டியிருப்பாள். நாங்கள் வந்த முதல் கிழமையே வேலிக்கு மேலால் ஒரு வாளி எலுமிச்சங்காய் நீட்டினவள். டெலிவிசனில் கண்ணுக்குக் கறுப்பு மை அப்பி, தலையை விரித்துவிட்டு ஆடுகிறவள் இவள்தான் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "அவளின்ர எலுமிச்சங்காயில ஊறுகாய் போட்டுத் திண்டு திண்டெல்லோ அவளைத் திட்டினனான்" என்றார்.

அன்று பின்னேரமே ஒரு தட்டு நிறைய உழுந்துவடை சுட்டு, என்னை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு அம்மா அவளுடைய கதவைத் தட்டினார். மோ பேசினதெல்லாம் சுத்தமான ஆஸ்திரேலிய ஆங்கிலம்தான். என்ன மாயமோ, என் நினைவில் அவள் எங்கள் தமிழிலேதான் கதைக்கிறாள். அப்படியே தருகிறேன், திருத்தச் சொல்லாதீர்கள். அம்மா திட்டின திட்டையெல்லாம் நான் கொஞ்சம் மெருகேற்றி மொழிபெயர்க்க, மோ வடையை வாயில் வைத்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தாள். "திட்டட்டும், லவ். திட்டுறதுக்குத்தானே எனக்குச் சம்பளம் தாறாங்கள்" என்றாள்.

பிறகு மோதான் என்னைத் தான் வேலை செய்த பிஸ்கட் பக்டரியில் சேர்த்துவிட்டாள். ஓம், டெலிவிசனில் வருகிறவள் பகலில் பிஸ்கட் அடுக்கினாள். ஓடுகிற பட்டியில் வரும் பிஸ்கட்டை வரிசையாக அள்ளி டின்னில் வைக்கவேண்டும். உடைந்ததை ஒரு பக்கம் போடவேண்டும். அந்த உடைந்த பிஸ்கட் எங்களுக்கு மலிவாகக் கிடைக்கும். எங்கள் வீட்டுக்கு அந்தக் காலத்தில் வந்த விருந்தாளிகள் ஒருவரும் முழுப் பிஸ்கட்டைக் கண்டதில்லை. வெண்ணெயும் சீனியும் வேகிற வாசம் தலைமயிர்வரை ஊறியிருக்கும். ட்ராமில் குழந்தைகள் எங்கள் பக்கம் சாய்ந்து சாய்ந்து மூக்கை உறிஞ்சும்.

பட்டிக்கு முன்னால் நின்றுதான் அவளுடைய கதையைக் கேட்டேன். பல்லரட் பக்கத்தில் ஆட்டுமயிர் வெட்டுகிற ஒரு பெரிய கொட்டிலில் அவளுடைய அப்பாவுக்கு வேலை. ஆட்டுமயிரின் கொழுப்பு ஊறி ஊறி அந்தப் பலகைத் தரை வழவழவென்று இருக்குமாம். அதில்தான், யாரோ கழித்துவிட்ட சில்லுச் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு ஓடப் பழகினாள். பதினாறு வயதில் மெல்பேர்ணுக்கு வந்தபோது இந்த ஆட்டம் ஆம்பிளையளுக்கு மட்டும்தான் இருந்தது. இடைவேளையில் பெண்கள் சுருக்கு வைத்த குட்டைப் பாவாடையோடு பாட்டுக்குச் சுற்றிவந்து கை காட்டிவிட்டுப் போகவேண்டும், அவ்வளவுதான். மோவும் இன்னும் நாலு பெண்களும் ஆம்பிளையள் பழகுகிற நேரத்தில் போய் அவர்களோடு இடிபட்டார்கள். துரத்தத் துரத்தப் போனார்கள். கடைசியில் ஆட்டத்தை நடத்தின மனேஜர் அலுத்துப்போய், பாதி ஆட்டத்தைப் பெண்களுக்கு விட்டுக்கொடுத்தார். பார்க்க வந்த சனம் அந்தப் பாதிக்குத்தான் எழும்பி நின்று கத்தியது.

"பாவாடையைக் கழட்டி எறிஞ்சு, நீளக் காற்சட்டை போட்டண்டைக்கு எங்கட அம்மா எனக்குக் கடிதம் போடுறதை விட்டிட்டா" என்றாள் மோ. அவளுடைய அம்மா பல்லரட்டில் தேவாலயத்தில் ஓர்கன் வாசிக்கிறவர். மகள் ஓடுவதை ஒருநாளும் வந்து பார்க்கவில்லை.

இனித்தான் வேடிக்கை. முதன்முதல் ஓடின பெண்களில் மற்ற நாலு பேருக்கும் நல்ல முகம். மோவுக்குக் கூரான நாடியும் முறைத்தால் பயப்படுத்துகிற கண்ணும். ஆகவே மனேஜர் அவளைக் கெட்டவளாக்கிவிட்டார். மெல்பேர்ணில் ஆட்டம் நடந்தால் அவள் சிட்னிக் கட்சித் தலைவி. பலகைப் பாதையைக் கழற்றி லொறியில் ஏற்றிக்கொண்டு சிட்னிக்குப் போனால் அங்கே அதே கறுப்புச் சட்டையோடு அவள் மெல்பேர்ண் கட்சித் தலைவி. இரண்டு ஊர்ச் சனமும் அவளை மற்ற ஊர்க்காரி என்று ஏசியது. எங்களைப் போல வந்தேறிகளுக்கு அது ஒன்றும் புதினமில்லை. ஆனால் அவள் இந்த மண்ணில் பிறந்தவள். யார் வெல்வது, யார் தோற்பது என்று முதலே பேசிவைத்துவிடுவார்கள். பலகையில் விழுகிற அடி மட்டும் உண்மை.

ட்ராமில் ஒரு கிழவி குடையால் அவளுடைய முதுகில் ஒன்று போட்டதை நானே பார்த்திருக்கிறேன். மூலைக்கடை இறைச்சிக்காரன் மனைவி அவளுக்கு மட்டும் கொழுப்புத் துண்டாகப் பார்த்து வெட்டுவாள். மோ எல்லாவற்றுக்கும் சிரிப்பாள். ஒரே ஒருநாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், என் டிபன் பெட்டியிலிருந்த இடியப்பத்தைக் கையால் பிய்த்துக்கொண்டே சொன்னாள். "ஒருக்கா, ஒரே ஒருக்கா, நீலச் சட்டை போடவேணும். எங்கட ஊரில, எங்கட சனம் எனக்குக் கைதட்டிக் கேக்கவேணும். அதுக்குப் பிறகு கால் போனாலும் பரவாயில்லை." ஒவ்வொரு வருடமும் மனேஜரைக் கேட்பாளாம். "அடுத்த சீசன், மோ" என்பாராம். அவளுடைய இடது முழங்கால் அப்போதே வீங்கி வீங்கி வற்றிக்கொண்டிருந்தது. அடுத்த சீசன்கள் இனி அதிகம் இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

அம்மாவுக்கு வேறு கவலை. "இத்தனை ஆயிரம் சனம் வாய் வைச்சால் பிள்ளைக்கு நாவூறு படாதோ?" கண் பட்டு வருவது கண்ணூறு, நாக்குப் பட்டு வருவது நாவூறு. எங்கள் ஊரில் குழந்தை கொழுகொழு என்று இருந்தால்கூட வடிவு, அதாவது அழகு, என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சொன்னால் அன்றே உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றி அடுப்பில் போடவேண்டும். நாவூறு இருந்தால் மிளகாய் நெடியே அடிக்காது, இல்லாவிட்டால் வீடெல்லாம் இருமும். அதுதான் கணக்கு.

அடுத்த ஆட்டம் முடிந்து மோ வந்ததும் அம்மா அவளைக் குசினிக் கதிரையில் இருத்தினார். செத்தல் மிளகாய் அப்போது இத்தாலியர் கடையில் மாலை மாலையாகத் தொங்கும். அதில் ஒரு பிடி, உப்பு ஒரு பிடி. தலையைச் சுற்றி மூன்று தரம், பிறகு துப்பச் சொன்னார். மோ கெட்டவள் அல்லவா, துப்புவதில் நல்ல பயிற்சி இருந்தது. அடுப்பில் போட்டதுதான் தாமதம், மூன்று பேரும் பின்கதவால் வெளியே ஓடி, கண்ணால் மூக்கால் வடிய வடிய இருமினோம். அம்மா இருமலுக்கு நடுவிலும் சந்தோசப்பட்டார். "பார்த்தியோ, ஒண்டுமில்லை! திட்டினால் ஒண்டும் வராது. புகழ்ந்தால்தான் பயம்."

அந்தக் கணக்குப்படி மோதான் ஆஸ்திரேலியாவிலேயே பத்திரமான மனுசி. இருந்தாலும் அம்மா விடவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் சுற்றினார், ஒவ்வொரு முறையும் இருமினோம். மோவுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. சிட்னியிலிருந்து லொறியில் வந்து இறங்கின களையோடும், "மிளகாய் எங்கை?" என்று கேட்டுக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள்.

கலர் டெலிவிசன் வந்த வருடம், மனேஜருக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. கறுப்புச் சட்டை கலரிலும் கறுப்பாகத்தான் தெரியும், புதிதாக ஏதாவது காட்டவேண்டும் என்று நினைத்திருப்பார். மேட் மோ திருந்தி மெல்பேர்ண் கட்சிக்கு வந்துவிட்டாள் என்று ஒரு கதை கட்டினார்கள். மோ நீலச் சட்டையைப் பேப்பர்ப் பையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாள். கை கழுவாமல் தொடக்கூடாது என்று எங்களை அதட்டினாள். அம்மா அதை ஈரத்துணி போட்டு அயர்ன் பண்ணிக் கொடுத்தார். "அம்மா கட்டாயம் வரவேணும்" என்றாள் மோ. பல்லரட்டில் இருந்த தன் அம்மாவுக்கும் ஒரு டிக்கெட் அனுப்பினதாக என்னிடம் மட்டும் சொன்னாள்.

ஞாயிறு டெலிவிசனில் போவதைச் சனிக்கிழமைதான் படம்பிடிப்பார்கள். அந்தச் சனிக்கிழமை பின்னேரம் அம்மா கோயிலுக்குக் கட்டுகிற காஞ்சிபுரம் கட்டி, மேலே அண்ணாவின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். மண்டபத்துக்குள் சிப்ஸ் பொரிக்கிற வாசமும் தக்காளி சோஸும் சிகரெட் புகையும். எங்களுக்குப் பக்கத்தில் மோ ஒரு ஆசனம் பிடித்து வைத்திருந்தாள். அது பல்லரட்டுக்கு. விளக்கெல்லாம் அணைந்து ஆட்டம் தொடங்கின பிறகும் அதில் ஒருவரும் வந்து இருக்கவில்லை.

மோ நீலச் சட்டையோடு பாதைக்குள் வந்ததும் சனம் வழக்கம்போல ஊளையிட்டது. பழக்கதோசம். அறிவிப்பாளர் என்னென்னவோ சொன்னார். ஊளை குறைந்து முணுமுணுப்பாகியது. அவள் முதல் சுற்றில் இரண்டு பேரைத் தாண்டினாள். யாரோ ஒருவர் கைதட்டினார். அடுத்த சுற்றில் குனிந்து, உயர்ந்த ஓரத்தில் ஏறி, அங்கிருந்து கீழே பாய்ந்து கறுப்புச் சட்டைகள் எல்லாரையும் ஒரே மூச்சில் கடந்தாள். பேசிவைத்த ஆட்டமோ என்னவோ, அந்த ஓட்டம் ஒருவரும் பேசிவைத்தது இல்லை. அந்த மண்டபம் அப்படியே எழும்பியது. ட்ராமில் குடையால் அடித்த கிழவிகள், இறைச்சிக்காரன் பெண்சாதிகள், எல்லாச் சனமும் "மோ! மோ!" என்று கால்களால் தரையை உதைத்தது. மோ ஓடிக்கொண்டே தலையை நிமிர்த்தி எங்கள் பக்கம் பார்த்தாள். கண்ணில் மை இல்லாத அவளுடைய முகத்தை அந்தப் பாதையில் நான் அன்றுதான் பார்த்தேன்.

எனக்குப் பக்கத்தில் அம்மா இருந்த வாங்கின் மேலேயே ஏறி நின்றார். காஞ்சிபுரமும் மழைக்கோட்டுமாக, இரண்டு கையையும் உயர்த்தி, அந்த இரைச்சலுக்கு மேலால் தமிழில் கத்தினார். "என்ன வடிவா ஓடுறாள்! ஐயோ, என்ன வடிவு என்ர பிள்ளை!"

அடுத்த வளைவில் மோவின் சப்பாத்துச் சில்லு ஒன்று இறுகி நின்றுவிட்டது. பலகையில் ஒருதரம் அடிபட்டு, ஓரக் கம்பிக்கு மேலால் வெளியே போய் விழுந்தாள். இதுவும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்று நினைத்துச் சனம் இன்னும் பலமாகக் கைதட்டியது. நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

இடது முழங்கால் தூளாகிப்போயிற்று. இனி நடக்கலாம், ஓடுவதை மறந்துவிடு என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். அடுத்தநாள் நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அம்மா லேஞ்சித் துணியில் உப்பும் மிளகாயும் முடிந்துகொண்டு வந்தார். தலைமை நேர்ஸ் அந்தப் பக்கம் போனதும் கட்டிலைச் சுற்றிக் கழித்து, திரும்ப முடிந்துகொண்டார். வீட்டுக்கு வந்து அடுப்பில் போட்டோம். மிளகாய் கறுத்துச் சாம்பலாகியது. ஒரு இருமலும் வரவில்லை. "மணமே இல்லை, பார்த்தியோ" என்று அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பழைய மிளகாய் அம்மா, காற்று இழுத்துக்கொண்டு போயிற்று அம்மா என்று நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். "அவ்வளவு சனமும் சேர்ந்து ஒண்டும் செய்யேல்லை. இந்த நாக்குத்தான்" என்று தன் வாயிலே இரண்டு அடி போட்டுக்கொண்டார். அன்று அவர் சாப்பிடவில்லை.

அடுத்த முறை போனபோது, மொழிபெயர் என்று என்னைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் விழுத்தினனான் எண்டு சொல்லு. வடிவெண்டு வாய்விட்டுச் சொல்லிப்போட்டன் எண்டு சொல்லு." நான் சொன்னேன். மோ காலைத் தூக்கிக் கட்டினபடி படுத்திருந்தாள். நாவூறு பற்றி அவளுக்கு ஏற்கெனவே தெரியும், விளக்கத் தேவையிருக்கவில்லை. கையைக் காட்டி என்னை அருகே கூப்பிட்டாள்.

"அவ என்ன சொன்னவ? சரியாச் சொல்லு."

"வடிவா ஓடுறாள் எண்டவ. என்ர பிள்ளை எண்டவ."

"என்ர பிள்ளை எண்டோ?"

"ஓம்."

மோவின் கண் நிறைந்துவிட்டது. "திரும்ப ஒருக்காச் சொல்லச் சொல்லு, லவ். இந்தக் கால் உடைஞ்சது உடைஞ்சதுதானே, இனி என்ன ஆகப்போகுது?"

நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தார். "விசரே அவளுக்கு? மற்றக் கால் இருக்கெல்லோ!"

அதை நான் மொழிபெயர்த்ததும் மோ சிரித்த சிரிப்பில் நேர்ஸ் ஓடிவந்துவிட்டாள். சிரிக்கவும் முடியாமல், காலை அசைக்கவும் முடியாமல், அழுதுகொண்டு சிரித்தாள்.

பிறகு மோ ஓடவில்லை. அடுத்த வருடமே டெலிவிசன்காரரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். பலகைப் பாதை சிட்னியில் ஏதோ ஒரு கொட்டிலில் மழையில் ஊறிக் கிடந்ததாகக் கேள்வி. மோ நொண்டி நொண்டிப் பிஸ்கட் அடுக்கினாள். சனிக்கிழமைக் காலையில் சில்லுச் சப்பாத்து மண்டபத்தில் சின்னப் பெட்டையளுக்கு விழப் பழக்கினாள். ஓடுவதற்கு முதல் விழப் பழகவேண்டும் என்பாள். நாங்களும் போய் வாங்கில் இருப்போம். பாடம் முடிந்ததும் மோ அம்மாவுக்கு முன்னால் வந்து நின்று, பழகிவைத்திருந்த ஒரே தமிழ்ச் சொல்லால் கேட்பாள்.

"வடிவா?"

"பரவாயில்லை" என்பார் அம்மா, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. பிறகு வீட்டில் உப்பும் மிளகாயும். அவள் எத்தனை விதமாகக் கேட்டுப் பார்த்தாள்! பிறந்தநாளில் கேட்டாள், கிறிஸ்மஸில் கேட்டாள், என் கலியாணத்தில் அம்மா கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்து சுழன்று காட்டிக் கேட்டாள். அம்மாவின் வாய் துடிக்கும், எனக்குத் தெரியும். வெளியே வருவது என்னவோ "பரவாயில்லை" மட்டும்தான்.

நாங்கள் வீடு மாறிப்போன பிறகும் அது தொடர்ந்தது. பல வருடம் கழித்து மோவுக்கு ஈரலில் வருத்தம் வந்து, ஒரு குளிர்காலத்தில் போய்விட்டாள். பெட்டியை மூடிவைத்திருந்தார்கள். மூடியின் மேல் அந்தப் பழைய சில்லுச் சப்பாத்து. முகம் பார்க்கவேண்டும் என்று அம்மா அடம்பிடித்தார். பாவம், அங்கே இருந்த மனுசன் எங்களுக்காகச் சப்பாத்தை எடுத்து வைத்துவிட்டு மூடியைத் திறந்தார். உள்ளே மோ நீலச் சட்டை போட்டிருந்தாள்.

அம்மா குனிந்து அவளுடைய காதோடு வாயை வைத்தார். "வடிவா இருக்கிறாய், பிள்ளை" என்றார். "அண்டைக்கு ஓடினது என்ன வடிவு! என்ர கண்ணே, என்ர குஞ்சு, உன்னைப் போல ஒருத்தி ஓடியிருப்பாளே இந்த உலகத்தில? என்ன வடிவு, என்ன வடிவு!" இத்தனை வருடமும் அடக்கிவைத்த எல்லாவற்றையும் சொன்னார். அந்த மனுசன் கடிகாரத்தைப் பார்த்தார், நான் பொறுக்கச் சொல்லிக் கை காட்டினேன்.

வீட்டுக்கு வந்து அம்மா குசினிக்குள் போனார். பழக்கதோசத்தில் கை உப்புப் போத்தல்வரைக்கும் போயிற்று. பிறகு அதை மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்து படுத்தார்.

ஃபுட்ஸ்கிரேயில் அந்தப் பலகை வீடும் எலுமிச்சை மரமும் இப்போது இல்லை, அடுக்குமாடி நிற்கிறது. பிஸ்கட் வாசம் போய்விட்டது. ஆட்டம் நடந்த மண்டபத்தில் கார்ப்பட் விற்கிறார்கள். ஒருநாள் கார்ப்பட் வாங்குகிறவள்போல உள்ளே போய், அந்த வளைவு எங்கே இருந்திருக்கும் என்று தேடிவிட்டு வந்தேன். அபியின் ஆட்டத்தில் கெட்டவள் என்று ஒருத்தியே இல்லை. எல்லாருக்கும் எல்லாரும் கைதட்டுகிறார்கள். யாருக்கும் நாக்கில் பயமில்லை.

அம்மாவும் போய்விட்டார். என்னை அவர் ஒருநாளும் புகழ்ந்ததில்லை. சோதனையில் முதலாவதாக வந்தபோதும் "பரவாயில்லை", மணவறையில் இருந்தபோதும் "பரவாயில்லை". சின்ன வயதில் அதற்காக அழுதிருக்கிறேன். இப்போது, எழுபதைத் தாண்டியும் கதிரையில் ஏறி ஸ்மோக் அலாரத்துக்கு விசிறுகிற அளவுக்குக் கை கால் சுகத்தோடு இருக்கிறேன் என்றால், அது வேறு எதனால் என்று நினைக்கிறீர்கள்?

அபி நேற்றுப் போன் எடுத்தாள். அடுத்த போட்டிக்கும் வரட்டாம். "திஸ் டைம் ப்ராப்பரா சொல்லவேணும், மாமி" என்றாள். வாறன் என்றேன். என் அபி எவ்வளவு வடிவாக ஓடுகிறாள் என்று உங்களுக்காவது சொல்லலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். வேண்டாம். பரவாயில்லாமல் ஓடுகிறாள்.